நாற்பத்தொரு திருத்தங்கள்

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
14.9.2025

ரஞ்சனிக்கு,

நான் செய்த நாற்பத்தொரு திருத்தங்கள் உன் பெயரில் பதிவாகியிருக்கின்றன. இது தவறு. தவறு செய்தது நீ. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விசாரித்தால் கோபம் ஆறிவிடும்.

நேற்று அரியமங்கலத்தில் நசீரா பட்டறைக்குப் போயிருந்தேன். கணவர் இறந்த பிறகு அவளேதான் லேத் ஓட்டுகிறாள். பழைய லேத்துக்குக் கம்ப்யூட்டர் பொருத்தியிருக்கிறது. அதை நடத்துவது டர்ன்பெஞ்ச் என்ற இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதன் உள்ளே பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம் என்பதால்தான் நான் அதில் இறங்கினேன். பழைய பம்ப்செட்டுகளில் வரும் அங்குல மரைக்கு அதில் இருந்த கணக்கு தப்பு. மரை வெட்டி முடிகிற இடத்தில் டூல் பின்வாங்குவதும் தாமதம். ஏப்ரல் முதல் ஒவ்வொன்றாகச் சரிசெய்து அனுப்பிவந்தேன். நேற்று புதிய பதிப்பு வந்தது. பங்களித்தவர்கள் பட்டியலை நசீரா திரையில் திறந்தாள்.

"அண்ணே, உங்க பேரக் காணோமே?"

"நல்லாப் பாரு."

"ரெண்டு தடவ பாத்துட்டேன். ரஞ்சனி சின்னையான்னு ஒரு பொண்ணு பேரு இருக்கு. திருச்சின்னு போட்டிருக்கு. அம்பத்தி மூணு பதிவு. யாரு, நம்ம ஊருப் பொண்ணா?"

என் தங்கை மகள் என்பதை அவளிடம் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஐம்பத்து மூன்றில் நாற்பத்தொன்று என்னுடையது. நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். மீதிப் பன்னிரண்டு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அதையும் விளக்கு.

பெருமைக்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. கைலாசபுரம் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் டர்னராக இருந்தேன். கடைந்த ஒவ்வொரு உருப்படியிலும் அவரவர் டோக்கன் நம்பரைக் குத்திவிட்டுத்தான் கீழே வைப்போம். பிழை வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். என் கணக்கில் பிழை இருந்தால் என்னைப் பிடிக்கட்டும். உன்னை ஏன் பிடிக்க வேண்டும்?

போனில் கேட்டால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். மின்னஞ்சல் அனுப்பினால் பார்க்கவில்லை என்பாய். அதனால்தான் தபால். எழுத்தில் பதில் வேண்டும்.

அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஆபீஸ் எப்படிப் போகிறது?

உன் மாமா,
வீரமலை


ஹைதராபாத்
27.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அத்தைக்கு வலி குறைந்தது கேட்டு நிம்மதி. மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சமயபுரம் சித்திரைத் தேருக்கு நான் வந்திருந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் புதுக் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டு, "மொதப் பதிவு உன் கையால போடு. நீ தொட்ட கன்னுக்குட்டி பொழச்சுது, உன் கை ராசியான கை" என்றீர்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. உங்களுக்கென்று கணக்கு திறக்காமல், என் கணக்கைத் திறக்கும் சாவிக் கோப்பையே உங்கள் கம்ப்யூட்டரில் வைத்து முதல் பதிவை அனுப்பினேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மாற்றவில்லை. அதன் பிறகு நீங்கள் அனுப்பியதெல்லாம் அந்தச் சாவியோடு, என் பெயரில்தான் போயிருக்கிறது. தவறு என்னுடையதுதான் மாமா.

முதலில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்துகொள்ளுங்கள். பிறகு நான் தனித்தாளில் எழுதியிருக்கும் கட்டளையைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் இரண்டு கோப்புகளை உருவாக்கும். ஒன்று பொதுச் சாவி, இன்னொன்று ரகசியச் சாவி. பொதுச் சாவியை டர்ன்பெஞ்ச் திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் ஒட்டுங்கள். ரகசியச் சாவியை யாரிடமும் காட்டக் கூடாது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிவுகளில் பெயரை மாற்றுவது மட்டும் இந்த வருஷம் முடியட்டும் மாமா. அவசரப்படுத்த வேண்டாம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
ரஞ்சனி


ஸ்ரீரங்கம்
6.10.2025

ரஞ்சனிக்கு,

மாமா எழுதுவது. இங்கே இருவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நான் கேட்டவற்றில் பாதிக்குத்தான் பதில் வந்திருக்கிறது. பன்னிரண்டு என்ன என்பதற்கு இல்லை. ஆபீஸ் எப்படி என்பதற்கு இல்லை. இப்போது புதிதாக ஒன்று: ஏன் வருஷம் முடிய வேண்டும்?

ராசியான கை என்று சொன்னது உண்மைதான். முதல் பதிவுக்கு மட்டும் சொன்னேன். கடை திறப்பு விழாவில் ராசிக்காரரைக் கூப்பிட்டு முதல் வியாபாரம் செய்யச் சொல்வார்கள். அதற்காகக் கடையையே அவர் பெயருக்கு எழுதி வைப்பார்களா?

கணக்கு திறக்க நான்கு நாள் ஆனது. கடவுச்சொல்லாக என் பெயரைப் போட்டேன். பலவீனமானது என்று சொன்னது. எழுபத்தொரு வயது வரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பிறகு நான் மனிதன்தானா என்று நிரூபிக்கச் சொல்லி ஒன்பது படங்களைக் காட்டியது. மோட்டார் சைக்கிள் உள்ளதையெல்லாம் தொட வேண்டுமாம். ஒன்றில் மொபெட் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் தேசிகனைக் கூப்பிட்டேன்.

"தொடும் ஓய். மோட்டார் இருக்கு, ரெண்டு சக்கரம் இருக்கு. வேற என்ன வேணும் உமக்கு?"

"பெடல் இருக்கே சாமி."

"பெடல் இருந்தா பாவமா? தொடும்."

தொட்டேன், தவறு என்றது. "அப்போ தொடாதேயும்" என்றார். அதுவும் தவறு. ஆறாவது முறை படம் மாறியதும் எழுந்துவிட்டார். "இது வம்புக்கு நிக்கறது. நான் பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன். அங்கே இந்தக் கேள்வியெல்லாம் கேக்கறதில்லை" என்று போய்விட்டார்.

அடுத்தது போனில் வரும் ஆறு இலக்க எண். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை மாறுகிறது. போனைப் பார்க்க ஒரு கண்ணாடி, கம்ப்யூட்டரைப் பார்க்க ஒரு கண்ணாடி எனக்கு. கண்ணாடி மாற்றுவதற்குள் எண் மாறிவிடுகிறது. கடைசியில் அத்தை எண்ணைச் சத்தமாகப் படிக்க, நான் அடித்தேன். நுழைந்துவிட்டது. சனிக்கிழமை இரண்டு சாவிகளையும் உருவாக்கி, பொதுச் சாவியை நீ சொன்ன இடத்தில் ஒட்டினேன். "வணக்கம் வீரமலை" என்று வந்தது.

உனக்கு விட்ட வேலையை நீ முடிக்க வேண்டும். திட்டத்துக்காரர்களுக்கு எழுது. வருஷக் கடைசி வரை காத்திருக்க முடியாது.

உன் மாமா,
வீரமலை


ஸ்ரீரங்கம்
19.10.2025

ரஞ்சனிக்கு,

உன் பதில் வரவில்லை. நாளை தீபாவளி. ஆபீஸில் லீவு தரவில்லை, நீ ஊருக்கு வரவில்லை என்று உன் அம்மா சொன்னாள். பண்டிகைக்குக்கூட லீவு தராத ஆபீஸ் என்ன ஆபீஸ்? எண்ணெய் தேய்த்துக் குளி. வெந்நீர் இல்லையென்றால் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே.

என் சாவி வேலை செய்யவில்லை. நீ எழுதியதை எழுத்துக்கு எழுத்து செய்தேன். ரகசியச் சாவியைப் பத்திரமாக வை என்று எழுதியிருந்தாய். நம் குடும்பத்தில் அசல் பத்திரம் எங்கே இருக்கும்? மணப்பாறையில், பெரியண்ணன் பீரோவில். மற்றவர்களிடம் இருப்பது நகல். அதன்படி ரகசியச் சாவியைப் பென் டிரைவில் ஏற்றி ஸ்பீடு போஸ்டில் பெரியண்ணனுக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். பொதுச் சாவி என்னிடம் இருக்கிறது. பெரியண்ணன் அதை நிலப் பத்திரங்களோடு மஞ்சள் துணியில் முடிந்துவிட்டுப் போன் செய்தார்.

"தம்பி, வந்து சேந்துச்சு. இது எத்தன சென்ட்டு?"

"சென்ட்டு இல்லண்ணே. கம்ப்யூட்டர் சாவி."

"இருக்கட்டும், இருக்கட்டும். என்கிட்ட இருந்தா எவனும் தொட முடியாது."

மறுநாளிலிருந்து "அனுமதி மறுக்கப்பட்டது" என்றுதான் வருகிறது. பதினேழு முறை முயன்றேன். தொழிற்சாலை கேட்டில் என்னை ஒரு நாளும் மறுத்ததில்லை. நீ சொல்லித் தந்ததில் எங்கோ பிழை இருக்கிறது.

உடனே எழுது.

வீரமலை


ஹைதராபாத்
5.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னியுங்கள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெந்நீரில்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சத்தம் போட்டுச் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று நான் அப்படிச் சிரித்து. பிழை என்னுடையதுதான். பத்திரமாக என்று எழுதியவள், எங்கே என்று எழுதவில்லை. நிலப் பத்திரத்தில் அசல் பீரோவில் தூங்கும், நகல் ஊர் சுற்றும். இங்கே ரகசியச் சாவி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தால்தான் கதவு திறக்கும். இணையதளத்தில் ஒட்டியது பூட்டு மாதிரி. நீங்கள் வீட்டுச் சாவியை மணப்பாறைக்கு அனுப்பிவிட்டுப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

இணையதளத்தில் பழையதை நீக்கிவிட்டு, புதிதாக ஒரு ஜோடி உருவாக்குங்கள். பெரிய மாமாவிடம் இருப்பது இனிச் செல்லாது. அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், வருத்தப்படுவார்.

பெயர் மாற்றம் பற்றித் திட்டத்தின் பொறுப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பன்னிரண்டைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரஞ்சனி


ஸ்ரீரங்கம்
18.11.2025

ரஞ்சனிக்கு,

நீ பொய் சொல்லியிருக்கிறாய்.

புதிய சாவி உருவாக்கினேன். என் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்கிறேன். ஒரே முயற்சியில் உள்ளே போய்விட்டேன். உள்ளே போனதும் பொறுப்பாளருக்கு நானே எழுதினேன். ஒரு பக்க இங்கிலீஷ், இரண்டு நாள் வேலை. என் மருமகள் அனுப்பிய கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று கேட்டேன். அன்று மாலையே பதில் வந்தது. அப்படி ஒரு கோரிக்கை வரவே இல்லையாம். மின்னஞ்சலையும் திட்டத்தின் இணைய மன்றத்தையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவதாகச் சொன்னார். நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்டால் செய்து தருகிறோம் என்றும் எழுதியிருக்கிறார்.

சாவியை மாற்றாமல் விட்டது மறதி என்ற மாதிரி எழுதியிருந்தாய். நம்பினேன். மறதிக்கு எதற்குப் பொய்?

உன் அப்பா இறந்தபோது உனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து இன்று வரை நீ என்னிடம் பொய் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஒரு முறை பரீட்சையில் குறைந்த மார்க்கைக்கூட நேராக வந்து காட்டினாய். நாற்பத்தொரு பதிவில் அப்படி என்ன இருக்கிறது? எதை மறைக்கிறாய்?

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை.

வீரமலை


மணப்பாறை
30.11.2025

அண்ணனுக்கு,

தங்கச்சி வெள்ளையம்மா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கீங்க? மழ விட்டுவிட்டுப் பெய்யுது. கடலைய இன்னும் பறிக்கல.

ரஞ்சனி கார்த்திகைக்குன்னு முன்னாடியே வந்துட்டா. உங்க கடுதாசியக் கையோட கொண்டாந்திருக்கா. ராத்திரி சோறு போடுறப்ப நான் வற்புறுத்திக் கேட்டேன், சொல்லிட்டா. வேல போயி ஆறு மாசமாச்சாம் அண்ணே. மே மாசமே நாப்பது பேர நிறுத்திட்டாங்களாம். பெத்தவ என்கிட்டயே இப்பத்தான் வாயத் தொறக்குறா. தீபாவளிக்கு லீவு இல்லன்னு சொன்னதெல்லாம் சும்மா.

இப்ப ஒரு கம்பெனிக்காரன் அந்த லேத்து வேலயப் பாத்துட்டு பேட்டிக்கு வான்னு கூப்பிட்டிருக்கானாம். ஜனவரி பத்தொம்பதாம் தேதி. "மாமா பேரப் போட்டுட்டா கூப்பிட்டதே போயிரும்மா"ன்னு அழுவுறா. அழுது முடிச்சுட்டு, "ஆனா மாமா கேக்குறது நாயந்தான்"னும் சொல்றா. ரெண்டையும் ஒரே வாயால சொன்னா நான் என்ன பண்ண?

உங்கள விட்டுக்குடுங்கன்னு நான் கேக்கல. கேட்டாலும் குடுக்க மாட்டீங்க, எனக்குத் தெரியாதா. தெரிஞ்சிருக்கட்டும்னு எழுதுறேன். நான் எழுதுனேன்னு அவகிட்ட மூச்சு விடாதீங்க.

பெரியண்ணன் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்தப் பென் டிரைவுக்கும் சேத்து சூடம் காட்டுறாரு.

வெள்ளையம்மாள்


ஹைதராபாத்
7.12.2025

மாமாவுக்கு,

வணக்கம். எழுதினேன் என்று சொன்னது பொய். காரணம் இருக்கிறது. அதை எழுதினால் சாக்கு சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதவில்லை.

இன்று காலை பொறுப்பாளருக்கு உண்மையாகவே எழுதிவிட்டேன். உடனே பதில் வந்தது. பழைய பதிவுகளில் கை வைக்க முடியாதாம். ஆயிரக்கணக்கானவர்களிடம் அதன் பிரதி இருக்கிறது, ஒன்றை மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும். ஆனால் பெயர்க் கோப்பு என்று ஒன்று தனியாக இருக்கிறது. என் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்ததெல்லாம் வீரமலையுடையது என்று அதில் ஒரே ஒரு வரி சேர்த்தால், எங்கே பார்த்தாலும் உங்கள் பெயர்தான் தெரியும். அந்த வரியை எழுதி அனுப்பிவிட்டேன். மாதக் கடைசிக்குள் சேர்த்துவிடுவார்கள்.

ஐம்பத்து மூன்றும் உங்கள் பெயருக்கு வந்துவிடும். நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. இனிக் கோபம் வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம்.

ரஞ்சனி


ஸ்ரீரங்கம்
26.12.2025

ரஞ்சனிக்கு,

மாமா எழுதுவது. நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பத்தொன்பது நாள் உனக்குப் பதில் எழுதவில்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தபால்காரர் இந்தப் பக்கம் வர முடியவில்லை என்று சொல்லலாம். அது காரணமில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் ஒரு விவாதப் பக்கம் இருக்கிறது. சொந்தக் கணக்கு வந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. இத்தனை நாள் கேள்விகள் எல்லாம் உன் மின்னஞ்சலுக்குத்தான் வந்திருக்கின்றன. நான் அனுப்பினேன், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு ஐம்பத்து மூன்று பக்கங்களையும் படித்தேன்.

ஆறாவது பதிவில் நான் எழுதிய குறிப்பு: "இந்தக் கணக்கை எழுதியவர் லேத்தைக் கண்ணால் பார்த்ததுண்டா?" எழுதியவர் கோபித்துக்கொண்டு, இந்த ஆளின் திருத்தம் எதையும் பார்க்க மாட்டேன் என்று போட்டிருக்கிறார். நீ அதற்கு இப்படி எழுதியிருக்கிறாய்: "இது என் மாமா வீரமலை போட்ட கணக்கு. முப்பத்தாறு வருடம் மரை வெட்டியவர். பேச்சு காரமாக இருக்கும், தயவுசெய்து எண்களைப் பாருங்கள்." அதே மாதிரி இருபத்தெட்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். பட்டியலில் இல்லாத என் பெயர் விவாதப் பக்கங்களில் முழுக்க இருக்கிறது.

நான் யாரிடமும் தயவு கேட்டதில்லை. என் பெயரால் இருபத்தெட்டு முறை தயவு கேட்டிருக்கிறாய். இதை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பன்னிரண்டும் இப்போது புரிந்தது. ஏழு, என் கணக்குகளைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் நிரல்கள். எழுதியது நீ. மற்ற ஐந்தும் என் பிழைகளை நீ திருத்தியவை. இருபத்து மூன்றாவது திருத்தத்தில் டூல் பின்வாங்குவதற்குப் பதில் முன்னே போகும்படி குறியை மாற்றிப் போட்டிருக்கிறேன். அப்படியே வெளியே போயிருந்தால் நசீரா பட்டறையில் டூல், உருப்படியைப் பிடித்துச் சுழலும் சக்கில் மோதியிருக்கும். அவள் முகம் அங்கிருந்து ஒரு முழத்தில்தான் இருக்கும். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி நீ கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அது எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். நான் பிழை செய்ததை எனக்குத் தெரியாமல் மறைக்க உனக்கு உரிமை கிடையாது.

நீ அனுப்பிய அந்த ஒரு வரி வந்தால் உன் பன்னிரண்டும் என் பெயருக்கு மாறிவிடும். இது தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாய். இது இரண்டாவது தவறு. அந்த வரியை நிறுத்தி வைக்கும்படி பொறுப்பாளருக்கு எழுதிவிட்டேன்.

ஆபீஸ் எப்படி என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

உன் மாமா,
வீரமலை


ஹைதராபாத்
3.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கடைசி வரியைப் படித்ததும் தெரிந்துவிட்டது, அம்மா எழுதியிருக்கிறாள். அவளைத் திட்டாதீர்கள்.

பத்தொன்பதாம் தேதி பேட்டி. அவர்கள் என்னைக் கூப்பிட்டது ஐம்பத்து மூன்று பதிவுகளைப் பார்த்து. அதில் என்னுடையது பன்னிரண்டு என்று நான் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் இருந்தால் உங்களுடையதைத் திருடி வேலை வாங்கியதாக ஆகும். இரண்டும் என்னால் முடியாது. எல்லாம் உங்கள் பெயருக்கே வரட்டும். அந்த வரியை விட்டுவிடச் சொல்லுங்கள். நான் பேட்டிக்கு வரவில்லை என்று எழுதிவிடுகிறேன். வேறு ஏதாவது கிடைக்கும்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை மாமா.

ரஞ்சனி


ஸ்ரீரங்கம்
9.1.2026

ரஞ்சனிக்கு,

மாமாவும் அத்தையும் நலம். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அத்தை சொல்கிறாள். உன் கையெழுத்தைப் பார்த்தே சொல்கிறாள்.

நாற்பத்தொன்றை விட்டுத்தர மாட்டேன். உன் வேலைக்காகக்கூடத் தர மாட்டேன். நான் கணக்குப் போட்டது, நான் வெட்டிப் பார்த்தது, அதில் உன் பெயர் நிற்கக் கூடாது. அதே மாதிரி உன் பன்னிரண்டை வாங்கிக்கொள்ளவும் மாட்டேன். நீ கொடுத்தாலும் மாட்டேன். அடுத்தவர் வேலையை என் பெயரில் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட இருந்ததில்லை. எழுபத்தொரு வயதில் அதைத் தொடங்கச் சொல்கிறாய்.

தெம்பில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் ஐந்து திருத்தங்களையும் நான் மறுபடி சரிபார்த்தேன், ஒரு பழுது சொல்ல முடியுமா என்று. முடியவில்லை. இருபத்து மூன்றாவதை நசீராவிடம் காட்டினேன். அவள் சக்குக்கும் தன் முகத்துக்கும் நடுவே முழம் போட்டுப் பார்த்தாள். பிறகு, "அண்ணே, இதக் கண்டுபிடிச்ச கைக்கு என்ன சம்பளம் குடுப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். இதில் பேச்சுக்கு இடமில்லை.

உன் மாமா,
வீரமலை

பொறுப்பாளர்: அந்த ஒரு வரியைச் சேர்க்கக் கூடாது. ஒப்புக்கொண்டுவிட்டார்.

வீரமலை: ஐம்பத்து மூன்று பதிவுக்கும் பங்களித்தவர்கள் பக்கத்தில் ஐம்பத்து மூன்று வரி எழுத வேண்டும். எது யாருடையது என்று ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். ஐந்து இடத்தில் "பிழை வீரமலையுடையது, கண்டுபிடித்துத் திருத்தியது ரஞ்சனி" என்று எழுத வேண்டும். எழுதி, என் சாவியால் நேற்று அனுப்பினேன். இன்று காலை ஏற்றுக்கொண்டார்கள். என் பெயரில் பதிவான முதல் பதிவு அதுதான்.

ரஞ்சனி: பேட்டிக்கு வரவில்லை என்று எழுதியிருந்தால், வருகிறேன் என்று மறுபடி எழுத வேண்டும். இன்றே.

ரஞ்சனி: பத்தொன்பதாம் தேதி அந்தப் பக்கத்தைத் திறந்து அவர்கள் முன்னால் வைக்க வேண்டும். உன்னுடையது எத்தனை என்று கேட்டால் பன்னிரண்டு என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டுதான் என்று சொல்லக் கூடாது.

வெள்ளையம்மாள்: பொங்கலுக்கு உன்னை மணப்பாறைக்கு வரவழைத்து, முடிந்த மறுநாள் இங்கே அனுப்ப வேண்டும். ஹைதராபாத்துக்கு ரயில் ஏற்றிவிட வேண்டியது நான்.

பெரியண்ணன்: சூடம் காட்டுவதை நிறுத்த வேண்டும். பென் டிரைவ் உருகிவிடும்.

வீரமலை: நாற்பத்திரண்டாவது திருத்தத்தை மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். அதற்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டியதும் வீரமலைதான்.

ரஞ்சனி: அந்தப் பதில்களில் மரியாதைச் சொற்களைச் சேர்க்க வேண்டும். தயவு என்ற சொல் ஒரு கடிதத்துக்கு ஒரு முறைக்கு மேல் வரக் கூடாது. அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்ட வேண்டும்.